புதுக் கணினி ஓடுது, படம் வரேல்லை

போன வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை இருக்கும், கோண்டாவிலிலிருந்து தம்பியின் மகன் ஃபோன் எடுத்தான். "மாமி, லைட் எரியுது, ஃபேன் எல்லாம் சுத்துது, படம் மட்டும் வரேல்லை." அவனுக்குப் பின்னால் என் தம்பியின் குரல் கேட்டது: "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது. நாளைக்கே கட்டிக் கொழும்புக்கு அனுப்பு."

அனுப்ப வேண்டாம், எதையும் கழற்றவும் வேண்டாம், காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். கணினி திருத்துவது என் தொழில் இல்லை. கொக்குவிலில் வீட்டோடு இருந்து கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். ஆல்பம் வேலைக்கு நல்ல கணினி வேண்டும், கடையில் பூட்டித் தருவதற்குக் கேட்கும் காசுக்கு இன்னொரு ரேம் வாங்கலாம் என்று நானே பூட்டத் தொடங்கினேன். எனக்கென்று இரண்டு, ஸ்ரூடியோக்காரருக்கும் சொந்தக்காரருக்குமாக ஏழெட்டு ஆகிவிட்டது. அதில் பாதிக்கு மேல் முதல் தடவை சுவிட்ச் போட்டபோது படம் வரவில்லை. ஆனால் உண்மையிலேயே பழுதான பாகம் என்று நான் கண்டது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சரியாக இறங்காதது, கொழுவ மறந்தது, அல்லது பிழையான ஓட்டையில் கொழுவினது.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "வேலை செய்யும் இன்னொரு ரேமைப் போட்டுப் பாருங்கள், இன்னொரு பவர் சப்ளையைப் போட்டுப் பாருங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது சரி. மதர்போர்டைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கடையிலேயே மாற்றிப் பார்த்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்களுக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கிடக்கிறது. பார்சல் போய், அவர்கள் பார்த்து, "எங்களிடம் வேலை செய்கிறதே" என்று திருப்பி அனுப்பினால் இரண்டு கிழமை போய்விடும். அதனால் இங்கே சொல்வது, கையில் ஒரே ஒரு செட் பாகம் மட்டும் இருப்பவர் செய்யக்கூடியது.

முதலில் ஒரு பழைய கதை. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்போம். அப்பா சுற்றுவார், நான் வயரைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் நான் பதறி இரண்டு வயரையும் ஒரேயடியாக அசைப்பேன். "ஒண்டை அசை. அது இல்லையெண்டு தெரிஞ்சாப் பிறகு மற்றதைத் தொடு" என்பார். கணினிக்கும் அதே சட்டம்தான். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு சுவிட்ச், பிறகு பார்ப்பது. மூன்றை ஒன்றாக மாற்றிப் படம் வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. படம் வராவிட்டால் அந்த மூன்றில் எதையாவது நீங்களே கெடுத்திருக்கவும் கூடும்.

இன்னொன்று, கை வைப்பதற்கு முன்னால் சுவர் பிளக்கைப் பாருங்கள். எங்கள் பழைய வீடுகளில் எர்த் இல்லாத இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் இன்னும் நிறைய இருக்கிறது. அதில் கொழுவினால் கேசிங்கைத் தொடும்போது விரல் சுள்ளென்று இழுக்கும். "போர்ட் ஷோர்ட்டாகிவிட்டது" என்று அதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. போர்டில் பிழை இல்லை, எர்த் இல்லாததால் பவர் சப்ளையின் ஃபில்டரிலிருந்து கசிகிற மின்சாரம் கேசிங்கில் நிற்கிறது. எர்த் உள்ள 13 ஆம்பியர் சதுரப் பின் பிளக்கில் நேராகக் கொழுவுங்கள். பாகம் எதையாவது கழற்றும் ஒவ்வொரு தடவையும் பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சை வட்டம் போட்ட பக்கம் தட்டி, வயரையும் சுவரிலிருந்து இழுத்துவிட்டு, முன்பக்கப் பவர் பட்டனை ஒருக்கால் அழுத்துங்கள். உள்ளே மிஞ்சி நிற்கும் மின்சாரம் அதோடு இறங்கும்.

ஃபேனே சுற்றவில்லை, ஒன்றுமே அசையவில்லை என்றால் அது வேறு வருத்தம். பின்பக்கச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் இருக்கிறதா, பவர் பட்டனின் சின்ன வயர் மதர்போர்டில் சரியான இரண்டு பின்னில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் கணினி கிளம்ப வேண்டும். கிளம்பினால் பட்டன் வயரை மாற்றிக் கொழுவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இனி ஃபேன் சுற்றியும் படம் வராத கதை.

மொனிற்றரைச் சந்தேகியுங்கள்

காலையில் போனவுடன் பார்த்தது மொனிற்றரைத்தான். அது தம்பி எங்கேயோ வாங்கி வைத்திருந்த பழையது. சுவிட்ச் போட்டதும் "சிக்னல் இல்லை" என்று காட்டிவிட்டுத் தூங்கியது. அப்படிக் காட்டினால் மொனிற்றருக்கு உயிர் இருக்கிறது. ஆனால் அது எந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? பழைய மொனிற்றர்களில் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று இரண்டு மூன்று இருக்கும். தானாகத் தேடும் என்று நம்ப வேண்டாம். கீழே உள்ள பட்டனை அழுத்தி நீங்களே எச்டிஎம்ஐயைத் தெரிவு செய்யுங்கள்.

மாற்றிப் பார்க்க இன்னொரு மொனிற்றர் இல்லை என்பீர்கள். ஹோலில் இருக்கும் ரீவி என்ன? அதற்கும் டிஷ் பெட்டிக்கும் நடுவில் ஒரு எச்டிஎம்ஐ வயர் நேற்று இரவுகூட நாடகம் காட்டியிருக்கும். நல்லது என்று நிரூபிக்கப்பட்ட வயரும் திரையும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கணினியைத் தூக்கி ரீவிக்குப் பக்கத்தில் வைத்துக் கொழுவுங்கள். நாடக நேரத்தில் மட்டும் செய்யாதீர்கள், நான் ஒருக்கால் செய்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மொனிற்றரில் விஜிஏ மட்டும்தான் என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சின்னத் துண்டை வாங்கிப் போடுவீர்கள். அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். அது வெறும் வயர் அல்ல, உள்ளே சிப் உள்ள கருவி. மலிவானது சில வேளைகளில் முதல் திரையைக் காட்டாமல் விண்டோஸ் வந்தபிறகுதான் கண் விழிக்கும். புதுக் கணினியில் விண்டோஸ் எங்கே இருக்கிறது? முதல் தடவைக்கு ரீவிதான் நல்லது.

எந்த ஓட்டையில் கொழுவினீர்கள்

தம்பி மகன் வயரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கொழுவியிருந்தான். கீழே கிராஃபிக்ஸ் கார்ட் தன் பாட்டுக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவனுடைய புரொசசர் ரைசன் 5 5600. அதற்குள் படம் தயாரிக்கும் பகுதியே இல்லை. மதர்போர்டில் எச்டிஎம்ஐ வாசல் இருக்கும், ஏனென்றால் அதே போர்டில் 5600ஜி போடுகிறவரும் இருப்பார். ஜி இல்லாவிட்டால் அந்த வாசல் வெறும் ஓட்டைதான்.

இன்டெலில் கடைசி எழுத்து எஃப் என்று முடிந்தால் அதே கதை. ஐ5 12400இல் படம் வரும், 12400எஃப்இல் வராது. எஃப் கொஞ்சம் மலிவு என்று வாங்கி, "கார்ட் பிறகு வாங்கலாம்" என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கணினியைச் சந்திரனுக்குக் கொண்டுபோனாலும் படம் வராது, கார்ட் போட்டே ஆக வேண்டும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்குள் சின்னக் கிராஃபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப் போன்றவற்றில் இல்லை. பெட்டியில் உள்ள முழு எண்ணையும் எழுத்தோடு சேர்த்துப் படியுங்கள். புரொசசரில் கிராஃபிக்ஸ் இருந்தாலும், தனிக் கார்ட் போட்டபிறகு பல போர்டுகள் தங்கள் வாசலைத் தாங்களே மூடிக்கொள்ளும். கார்ட் இருந்தால் வயர் கார்டில். அவ்வளவுதான்.

கொழுவும்போது பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். மதர்போர்ட் வாசல்களைச் சுற்றி வரும் மெல்லிய தகட்டில் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். பூட்டும்போது ஒரு நாக்கு வளைந்து எச்டிஎம்ஐக்குள்ளேயே போய்விடும். வயர் கொழுவியது போலவே இருக்கும், ஆனால் முழுதாக உள்ளே போயிருக்காது.

இரண்டாம் கைக் கார்ட் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இது: 2012க்கு முந்திய பழைய கார்டுகள் பல இன்றைய போர்டுகளோடு பேசாது. இப்போதைய போர்டுகள் யூஇஎஃப்ஐ முறையில் கிளம்புகின்றன, அந்தக் கார்டுகளுக்குள் அதற்கான நிரல் இல்லை. கார்ட் பழைய கணினியில் நன்றாக ஓடும், புதியதில் இருட்டு. விற்றவர் பொய் சொல்லவில்லை.

வயரை அவன் கார்டுக்கு மாற்றினான். சுவிட்ச் போட்டோம். இன்னும் இருட்டு.

மூன்று பவர் வயர்

என் முதல் கணினியில் இரண்டு இரவு மினக்கெட்டது இங்கேதான். மதர்போர்டுக்கு வலப்பக்கம் 24 பின் பெரிய வயர் போகிறது, அதை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் மேலே இடது மூலையில், புரொசசருக்குப் பக்கத்தில், 8 பின் வாசல் ஒன்று தனியாக இருக்கிறது. புரொசசருக்கான மின்சாரம் அதன் வழியாகத்தான். கேசிங்குக்குள் ஃபேன்களுக்கும் கூலருக்கும் நடுவில் அது ஒளிந்திருக்கும். நான் அதைக் காணவே இல்லை. 24 பின் மட்டும் இருந்தால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், எல்லாம் உயிரோடு இருப்பது போலவே தெரியும், புரொசசர் மட்டும் பட்டினி. இரண்டாம் இரவு ரேமைக் கழற்றுவதற்காகக் கேசிங்கைச் சரித்தபோது பவர் சப்ளையிலிருந்து ஒரு வயர் எங்கேயும் கொழுவாமல் என் கையில் தொங்கியது. அதைப் பார்த்த நேரம் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அந்த 8 பின் வயர் பொதுவாக 4 சக 4 என்று பிரியும், தலையில் சிபியு என்று எழுதியிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் 6 சக 2 என்று பிரியும். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மின்சாரம் போகும் ஒழுங்கு நேர் எதிர். ஒன்று மற்றதற்குள் இலேசாகப் போகாது, போகாததைத் தள்ளிப் போடாதீர்கள். கார்டின் தலையில் பவர் வாசல் இருந்தால் அதற்கும் வயர் கொழுவ வேண்டும், இரண்டு வாசல் இருந்தால் இரண்டுக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி இருக்கிறது, அது வாசலின் பல்லைப் பிடித்து நிற்பதை விரலால் தடவி உறுதி செய்யுங்கள். கண்ணை நம்ப வேண்டாம்.

வயர்கள் கழன்று வரும் வகைப் பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் பழைய பவர் சப்ளையின் வயரை இதில் பாவிக்கக் கூடாது. தலை பொருந்தும், உள்ளே பின் ஒழுங்கு வேறாக இருக்கும். படம் வராததோடு நிற்காது, பாகமே எரியும்.

போர்ட் என்ன சொல்கிறது

இப்போது வரும் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றன. பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று கடுகு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். கணினி கிளம்பும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எது அணையாமல் நிற்கிறதோ போர்ட் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. டிராம் என்றால் ரேம். விஜிஏ என்றால் கார்ட். பூட் எரிந்தால் உண்மையில் நல்ல செய்தி: கணினி ஓடி முடித்து ஹார்ட் டிஸ்க்கைத் தேடுகிறது, பிழை பெரும்பாலும் மொனிற்றர் பக்கம். ஆளைப் பார்த்து வருத்தம் சொல்லும் பரியாரியார் மாதிரி இந்த விளக்குகள், இவற்றைப் பார்க்காமல் ஒன்றையும் கழற்றாதீர்கள்.

விளக்கு இல்லாத மலிவான போர்ட் என்றால் நான்கு பின்னில் கொழுவும் குட்டி ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். பீப் சத்தத்தின் எண்ணிக்கைக்குப் பொருள் போர்டின் கையேட்டில் இருக்கும். ரேமே இல்லாமல் கிளப்பினால் அது கத்த வேண்டும். கத்தினால் போர்டும் புரொசசரும் உயிரோடு இருக்கின்றன. சத்தமே இல்லை என்றால் கவலைப்படலாம்.

ஆனால் பொறுமை வேண்டும். டிடிஆர்5 ரேம் போட்ட கணினி, முக்கியமாக ரைசன் 7000 வகைகள், முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிடங்கள் கறுப்புத் திரைதான், டிராம் விளக்கும் எரிந்தபடி நிற்கும். ரேம் கூடக் கூட நேரமும் கூடும். பயந்துபோய் இடையில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குசினிக்குப் போய்ப் பிளேன்ரீ ஊற்றி, பனங்கட்டி கடித்துக் குடித்துவிட்டு வாருங்கள். கால்மணி நேரம் கழித்தும் இருட்டென்றால் பார்க்கலாம்.

தம்பி மகனுடையது டிடிஆர்4, இந்தச் சாட்டு அதற்கு இல்லை. அவனுடைய போர்டில் டிராம் விளக்கு மஞ்சளாக நின்றது.

ரேம்

"ரேம் போட்டது சரியோ?" என்று கேட்டேன். "டக் எண்டு கேட்டது மாமி" என்றான். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். பல போர்டுகளில் இப்போது ரேம் பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி அசையும், மற்றப் பக்கம் அசையாது. அவன் கேட்டது கொக்கிப் பக்கத்துச் சத்தம். மற்றப் பக்கம் ஒரு மில்லிமீற்றர் மேலே நின்றது. தங்க நிறப் பற்கள் பள்ளத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தன, அந்தக் கோடு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருந்தது. சரியாக இறங்கிய ரேமில் அப்படிக் கோடு தெரியாது.

ஏன் அழுத்தவில்லை என்று கேட்டதற்கு, "போர்ட் வளையுது, உடைஞ்சிடும் எண்டு பயமா இருந்தது" என்றான். போர்ட் கொஞ்சம் வளையத்தான் செய்யும். முதல் தடவை பூட்டுகிற எல்லோரும் இந்த இடத்தில்தான் கையைத் தளர்த்துகிறார்கள்.

இரண்டு ரேமையும் கழற்றச் சொன்னேன். ஒன்றை மட்டும் எடுத்து, புரொசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் பள்ளத்தில் வைத்தோம். நான்கு பள்ளம் உள்ள பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ரேமுக்கு அதுதான் இடம், இரண்டு என்றால் இரண்டாவதும் நான்காவதும். கையேட்டில் ஏ2, பி2 என்று போட்டிருப்பார்கள். ரேமின் வெட்டும் பள்ளத்தின் மேடும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்து, இரண்டு பெருவிரலையும் இரண்டு முனையில் வைத்து, முதலில் கொக்கி இல்லாத பக்கம், பிறகு கொக்கிப் பக்கம், நேராகக் கீழே அழுத்தினான். இடியப்ப உரலில் மா கெட்டியாகிவிட்டால் எவ்வளவு அழுத்துவோம், அந்த அழுத்தம்தான். டக்.

சுவிட்ச். ஃபேன் சுற்றி, நின்று, மறுபடி சுற்றியது. மஞ்சள் விளக்கு அணைந்தது. மொனிற்றரில் போர்டின் படம் வந்தது. நிறுத்திவிட்டு இரண்டாவது ரேமை நான்காவது பள்ளத்தில் போட்டோம், மறுபடியும் வந்தது. மேசைக்குப் போய் இருந்து, "மாமி, பூட் டிவைஸ் இல்லையாம், ஏதோ பிழை" என்று கத்தினான். பிழை இல்லை, விண்டோஸ் போடவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

உங்களுக்கு ஒரு ரேமோடு வரவில்லை என்றால் அதைக் கழற்றி மற்றதை அதே பள்ளத்தில் போடுங்கள். பிறகு பள்ளத்தை மாற்றுங்கள். இரண்டு ரேம், நான்கு பள்ளம், ஒவ்வொன்றாக. ஒரு ரேம் மட்டும் எந்தப் பள்ளத்திலும் வரவில்லை என்றால் ரேமில் பிழை. எந்த ரேமும் ஒரு பள்ளத்தில் மட்டும் வரவில்லை என்றால் போர்டில் பிழை, அல்லது புரொசசருக்குக் கீழே ஏதோ ஒரு பின் தொடவில்லை. இதற்கு வெளியிலிருந்து ஒரு பாகமும் தேவையில்லை பாருங்கள்.

இரண்டாம் கை ரேம் என்றால் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளைத் துடையுங்கள். குருநகர்ப் பக்கம் கடற்காற்றில் கிடந்த ரேம் ஒன்று அப்படித்தான் உயிர் பெற்றது. பற்கள் மங்கிப் பித்தளைக் குத்துவிளக்கு போல இருந்தன.

இன்னும் இருட்டா

சிமோஸை, அதாவது போர்ட் தன் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் இடத்தை, அழியுங்கள். பிளக்கை இழுத்துவிட்டு, போர்டில் உள்ள காசு மாதிரிப் பற்றரியை, 2032 என்று எழுதியிருக்கும், கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து போடுங்கள். அல்லது கையேட்டில் காட்டியிருக்கும் இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவரால் பத்து நொடி தொடுங்கள். ரேமின் வேகத்தைக் கூட்டப் போய் இருட்டான கணினிக்கு இது மருந்து. புதுக் கணினிக்குப் பலன் குறைவு, ஆனால் செலவில்லை.

அடுத்தது கொஞ்சம் வேலை: எல்லாவற்றையும் கேசிங்கிலிருந்து வெளியே எடுப்பது. மதர்போர்ட் வந்த மட்டைப் பெட்டிக்கு மேலே போர்டை வைத்து, புரொசசர், கூலர், ஒரு ரேம், கார்ட், பவர் சப்ளை மட்டும். பவர் பின்னை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புங்கள். வெளியே படம் வந்து உள்ளே வராவிட்டால் கேசிங் எங்கோ போர்டைத் தொடுகிறது. போர்டைத் தாங்குவதற்காகக் கேசிங்கில் பித்தளைத் தூண்கள் திருகியிருப்பார்கள். பழைய கேசிங்கில் முந்திய பெரிய போர்டுக்குப் போட்ட தூண் ஒன்று மிஞ்சி நின்று, உங்கள் சின்னப் போர்டின் நடுவில் முட்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஒரு ஸ்ரூடியோக் கணினியில் இதுதான் நடந்தது. போர்டில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தூண் வேண்டும். அதே கேசிங்கின் மூலையில் இரண்டு பல்லி முட்டையும் இருந்தது, அதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை.

சிபியு விளக்கு எரிந்து நின்றால், முதலில் அந்த 8 பின் வயரை மறுபடி பாருங்கள். அதில் பிழையில்லை என்றால் பயாஸ், அதாவது கணினியைக் கிளப்புவதற்குப் போர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல். 2018இல் வந்த பி450 போர்டுக்கு 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000ஐ யாரென்று தெரியாது, பயாஸைப் புதுப்பித்தால்தான் தெரியும். இரண்டாம் கைப் போர்டில் புதுப் புரொசசர் போடுகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். போர்ட் தயாரித்தவரின் தளத்தில் எந்தப் பயாஸிலிருந்து உங்கள் புரொசசர் ஓடும் என்ற பட்டியல் இருக்கும். பின்பக்கம் பயாஸ் பட்டன் உள்ள போர்ட் என்றால் படம் இல்லாமலே புதுப்பிக்கலாம்: பென் டிரைவை ஃபாட்32 என்ற முறையில் ஃபோர்மட் செய்து, கோப்புக்குக் கையேடு சொல்லும் பெயரை வைத்து, குறித்த யூஎஸ்பி வாசலில் போட்டுப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுங்கி நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. எங்கள் ஊருக்கு ஒரு சொல்: மழைக்குணத்தில், கரண்ட் மினுங்குகிற நாளில் இதைச் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்ட் பிணமாகலாம். யூபிஎஸ் கடன் வாங்கியாவது வையுங்கள்.

புரொசசரைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. புதிய இன்டெலிலும் ரைசன் 7000இலும் பின்கள் போர்டின் பள்ளத்துக்குள் இருக்கின்றன, 1,700 அல்லது அதற்கு மேல். ரைசன் 5000இல் புரொசசரின் வயிற்றில், 1,331. ஒன்று வளைந்தாலும் ரேம் பள்ளம் ஒன்று செத்துப்போகலாம். ஃபோன் கமராவைச் சரிவாகப் பிடித்து, பக்கத்திலிருந்து டோர்ச் அடித்துப் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். வயல் நாற்று மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும், ஒன்று மட்டும் வேறு பக்கம் மினுங்கினால் அதுதான் கள்ளன். பிறகு ரைசன் 5000 கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள், நடுவில் பூசியிருக்கும் பசையோடு புரொசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, பிளக்கையும் இழுத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் திருகித் திருகிக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது புதுப் பசை.

பவர் சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கை இழுத்த பின்னும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கிற மின்சாரம் நிற்கும்.

இவ்வளவும் செய்து அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பார்சலுக்குள் ஒரு தாள் வையுங்கள். எந்த விளக்கு நின்றது, எந்த ரேமை எந்தப் பள்ளத்தில் போட்டீர்கள், கேசிங்குக்கு வெளியே பார்த்தீர்களா, எந்தத் திரையில் என்று நாலு வரி. அந்த நாலு வரி இல்லாத பார்சல்தான் "எங்களிடம் வேலை செய்கிறதே" என்று திரும்பி வருவது. கழற்றும்போது பள்ளத்தின் பின்களைப் படம் எடுத்து வையுங்கள், பிறகு யார் வளைத்தது என்ற சண்டை வராது. பள்ளத்தின் மேல் வந்த கறுப்பு மூடியையும் திரும்பப் போட்டு அனுப்புங்கள், அது இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று சில இடங்களில் சொல்வார்கள்.

நான் கிளம்பும்போது தம்பி விறாந்தையில் நின்றான். காலையிலேயே மட்டைப் பெட்டிகளை அடுக்கி, டேப்பும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்திருந்தான். "அப்ப இதெல்லாம் எறியலாமோ அக்கா?" என்றான். உத்தரவாதம் முடியும்வரை ஒன்றையும் எறியாதே, அலுமாரிக்கு மேலே போடு என்றேன்.